தலைப்பு ஒரு பக்கம், பத்தி மறுபக்கம்: ஆண்டறிக்கையில் பக்கம் உடைவதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஆறாம் பக்கத்தின் அடியில் ‘3.0 பொருளாளர் அறிக்கை’ என்ற தலைப்பு மட்டும் தனியாக நிற்கிறது. அறிக்கையோ ஏழாம் பக்கத்தில் தொடங்குகிறது. பெரும்பாலோர் உடனே செய்வது, தலைப்புக்கு முன்னால் கர்சரை வைத்து நான்கைந்து முறை என்டர் தட்டுவதுதான். தலைப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், அப்போதைக்குச் சரி. மறுநாள் தலைவர் தம் உரையில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வார். அந்த வெற்று வரிகள் கீழே நகர்ந்து ஏழாம் பக்கத்தின் தலையில் போய் உட்காரும். அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாம் கலையும்.

சங்கம், கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று எங்கே செயலாளராக இருந்தாலும் இந்த அறிக்கையை ஒரே முறை அச்சடித்து மறந்துவிட முடியாது. பொதுக்கூட்டத்தில் திருத்தம் சொல்வார்கள். பதிவு பெற்ற சங்கமென்றால், மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டு விவரங்களையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்காகக் கோப்பை மறுபடியும் திறப்பீர்கள். ஆகவே ‘எங்கே உடையலாம், எங்கே உடையக்கூடாது’ என்ற விதியைப் பத்திக்கே சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு வரி கூடினாலும் குறைந்தாலும் மென்பொருளே பக்கத்தைச் சரியாக உடைத்துக்கொள்ளும்.

இங்கே லிப்ரெஆபிஸ் ரைட்டருக்கும் மைக்ரோசாப்ட் வேர்டுக்கும் வழி சொல்லியிருக்கிறோம். நம்மில் பெரும்பாலோர் ஆங்கில இடைமுகத்தையே பயன்படுத்துவதால் மெனுப் பெயர்களை ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம்.

முதலில் பத்தி எது என்று கணினிக்குத் தெரிய வேண்டும்

என்டர் தட்டிய இடத்திலிருந்து அடுத்த என்டர் வரை உள்ளதுதான் மென்பொருளுக்கு ஒரு பத்தி. நம் கண்ணுக்குப் பத்தியாகத் தெரிவது அதற்கும் பத்தியாகத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுவார்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினாலும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அப்போது எட்டு வரிப் பத்தி ஒன்று, மென்பொருளுக்கு எட்டுத் தனிப் பத்திகள். கீழே சொல்லப்போகும் எந்த விதியும் அதில் வேலை செய்யாது. “எல்லாம் செய்தேன், ஒன்றும் மாறவில்லை” என்று வருபவர்களின் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோதிப்பது எளிது. மறைகுறிகளைக் காட்டச் சொல்லுங்கள். ரைட்டரில் கண்ட்ரோல் + எஃப்10, வேர்டில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8. என்டர் தட்டிய இடமெல்லாம் ¶ குறி தெரியும். பத்தியின் கடைசியில் ஒரு ¶ மட்டும் இருந்தால் சரி. வரிக்கு வரி இருந்தால் நடுவில் உள்ளவற்றை அழித்து, இடைவெளி போட்டு, வரிகளைச் சேர்த்துவிடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி தேடாதீர்கள்.

அடுத்தது வெற்றுப் பத்திகள், அதாவது எழுத்தே இல்லாமல் தனியாக நிற்கும் ¶ குறிகள். அவற்றை அழிக்கும் முன் பத்திகளுக்கு இடையே தானாக இடைவெளி விழும்படி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்தி அமைப்பில் ‘இன்டென்ட்ஸ் அண்ட் ஸ்பேசிங்’ பகுதிக்குப் போய், பத்திக்குப் பின்னால் 6 முதல் 8 புள்ளி, அதாவது பாயிண்ட் (ரைட்டரில் சுமார் 0.25 செ.மீ.) கொடுங்கள். பிறகு அழிக்கலாம்:

• ரைட்டரில் கண்ட்ரோல் + எச் அழுத்தி, ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். தேடும் பெட்டியில் ^$ என்று போட்டு, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு, ‘ரிப்ளேஸ் ஆல்’ கொடுங்கள்.

• வேர்டில் கண்ட்ரோல் + எச், ‘மோர்’, ‘ஸ்பெஷல்’, ‘பேராகிராஃப் மார்க்’. தேடும் பெட்டியில் இந்தக் குறியை இரண்டு முறையும் மாற்றும் பெட்டியில் ஒரு முறையும் போட்டு ‘ரிப்ளேஸ் ஆல்’ கொடுங்கள். மூன்று, நான்கு வெற்றுப் பத்திகள் சேர்ந்திருக்கும் என்பதால், மாற்றியவை பூச்சியம் என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள்.

இதையெல்லாம் கோப்பின் நகலில் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டே கேள்விகள்

மெனுவில் நான்கைந்து தேர்வுகள் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். உள்ளே இருப்பவை இரண்டே கேள்விகள். ஒன்று: இந்தப் பத்தி நடுவில் உடையலாமா, உடைந்தால் எத்தனை வரி அங்கே, எத்தனை வரி இங்கே? மற்றொன்று: இந்தப் பத்தி தனக்கு அடுத்த பத்தியை விட்டுப் பிரியலாமா? முதலாவது பத்திக்கு உள்ளே நடப்பது. இரண்டாவது இரு பத்திகளுக்கு இடையில் நடப்பது. தனியாக நிற்கும் தலைப்பு இரண்டாம் வகை. முதல் வகை விதியைப் போட்டு அதைச் சரிசெய்ய முயல்வதுதான் வழக்கமான தவறு.

முதல் கேள்விக்கான அமைப்புகளின் பெயர் ‘ஆர்ஃபன்’, ‘விடோ’. அச்சுத் தொழிலில் அநாதை, விதவை என்று வைத்த பழைய பெயர்கள். கேட்க நன்றாயில்லை, எது எதுவென்றும் நினைவில் நிற்பதில்லை. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஆ’ என்றால் ஆரம்ப வரி, ‘வி’ என்றால் விடைபெறும் வரி. பத்தியின் ஆரம்ப வரி பக்கத்தின் அடியில் தனியாக நின்றால் ஆர்ஃபன். விடைபெறும் கடைசி வரி அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக விழுந்தால் விடோ.

ரைட்டரில் இரண்டுக்கும் எண் கொடுக்கலாம். வேர்டில் ஒரே பெட்டிதான். அதைத் தேர்வு செய்தால் இரு பக்கமும் குறைந்தது 2 வரி, அதை மாற்ற முடியாது. இந்த 2 என்ற எண் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் குறைந்தது 2, தலையில் குறைந்தது 2 என்றால் 4 வரிக்குக் குறைந்த பத்தி உடையவே முடியாது. 3 வரிப் பத்தி இடமில்லையென்றால் முழுதாக அடுத்த பக்கம் போய்விடும். 4 வரிப் பத்தி சரிபாதியாக மட்டுமே உடையும். ரைட்டரில் 3, 3 என்று கொடுத்தால் 5 வரி வரையுள்ள எந்தப் பத்தியும் உடையாது. கேட்க அழகாக இருந்தாலும் பக்க அடியில் நான்கு வரி உயரம் வரை வெள்ளை இடம் அங்கங்கே விழும். தமிழில் சொற்கள் நீளமானவை. சின்னச் செய்தி கூட ஐந்து வரியைப் பிடித்துக்கொள்ளும். அறிக்கைக்கு 2, 2 போதும்.

ரைட்டரில் செய்வது

1. உடல் பத்தி (தலைப்பு அல்லாத சாதாரணப் பத்தி) ஒன்றில் கர்சரை வைத்து எஃப்11 அழுத்துங்கள். வலப்பக்கம் ஸ்டைல் பட்டியல் திறக்கும். ஸ்டைல் என்பது ஒரே வகைப் பத்திகளுக்கெல்லாம் ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் அமைப்பு.

2. அந்தப் பத்தியின் ஸ்டைல் தானாகவே தேர்வாகியிருக்கும். ‘டிஃபால்ட் பேராகிராஃப் ஸ்டைல்’ என்று காட்டினால் முதலில் எல்லா உடல் பத்திகளையும் ‘பாடி டெக்ஸ்ட்’ ஸ்டைலுக்கு மாற்றுங்கள். சில பதிப்புகளில் இதன் பெயர் ‘டெக்ஸ்ட் பாடி’.

3. ஸ்டைல் பெயர் மேல் வலச்சொடுக்கு, திருத்தும் தேர்வு, ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ தாவல்.

4. ஆர்ஃபன் 2, விடோ 2. பத்தி உடையலாமா என்ற தேர்வைக் கவனமாகப் படியுங்கள். ஒரு பதிப்பில் ‘டூ நாட் ஸ்பிளிட்’ என்றிருக்கும், வேறொன்றில் ‘அலவ்’ என்று தொடங்கும். பொருள் நேர்மாறு. உடல் பத்தி உடைய அனுமதி இருக்க வேண்டும். உடையக்கூடாது என்று வைத்தால் ஆர்ஃபன், விடோ எண்களுக்கு வேலையே இல்லை.

ஸ்டைலைத் திருத்தும்போது எழுத்துருத் தாவலில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பகுதியும், ‘சிடிஎல்’ என்ற பெயரில் இந்திய, அரபு எழுத்துகளுக்கு இன்னொரு பகுதியும் இருக்கும். தமிழ் எழுத்தின் அளவு இரண்டாவதில்தான் மாறும். முதலாவதை 12 ஆக்கிவிட்டு “தமிழ் ஏன் மாறவில்லை?” என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

வேர்டில் செய்வது

‘ஹோம்’ பட்டையில் ‘நார்மல்’ ஸ்டைல் மேல் வலச்சொடுக்கு, ‘மாடிஃபை’, கீழே ‘ஃபார்மேட்’ பொத்தான், ‘பேராகிராஃப்’, ‘லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்’ தாவல். ‘விடோ ஆர்ஃபன் கண்ட்ரோல்’ வழக்கமாக ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். ‘கீப் லைன்ஸ் டுகெதர்’ (பத்தி உடையாதே), ‘கீப் வித் நெக்ஸ்ட்’ (அடுத்ததை விட்டுப் பிரியாதே), ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ (புதுப் பக்கத்தில் தொடங்கு) மூன்றும் அதே இடத்தில் இருக்கும். நார்மல் ஸ்டைலில் இந்த மூன்றையும் தொடாதீர்கள். பெரும்பாலான ஸ்டைல்கள் நார்மலையே அடிப்படையாகக் கொண்டவை, அதில் வைத்தது எல்லாவற்றுக்கும் பரவும்.

கூகல் டாக்ஸில் எழுதுபவர்கள் ‘ஃபார்மேட்’ மெனுவில் ‘லைன் அண்ட் பேராகிராஃப் ஸ்பேசிங்’ என்ற இடத்தில் இதே நான்கையும் காணலாம். அங்கே விடோ, ஆர்ஃபன் என்ற பெயர் இல்லை. ‘பிரிவென்ட் சிங்கிள் லைன்ஸ்’ என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

எதை எதோடு கட்டுவது

தலைப்பு: ‘ஹெட்டிங் 1’, ‘ஹெட்டிங் 2’ ஸ்டைல்களில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் தலைப்பு தனியாக நிற்கிறதென்றால் அது ஹெட்டிங்கே இல்லை. சாதாரணப் பத்தியைத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஸ்டைலை மாற்றினால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. பொருளடக்கமும் தானாக எடுக்கலாம். தலைவர் உரை, செயலறிக்கை, கணக்கறிக்கை ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமென்றால் ஹெட்டிங் 1 ஸ்டைலிலேயே புதுப்பக்க விதியை வையுங்கள். ரைட்டரில் அது ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ தாவலில் ‘பிரேக்ஸ்’ பகுதி: ‘இன்செர்ட்’, வகை ‘பேஜ்’, இடம் ‘பிஃபோர்’.

கூட்டக் குறிப்பு: இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்று சிக்கல் தருகிறது. ‘4.2’ என்று எண்ணிட்டு முடிவை எழுதி, அடுத்த வரியில் வலப்பக்கமாக ‘நடவடிக்கை: பொருளாளர்’ என்று போடுகிறோம். அது ஒற்றை வரிப் பத்தி. விடோ விதி ஒரு பத்திக்குள் மட்டுமே பார்ப்பதால் இதைக் காப்பாற்றாது. பக்கத்தின் தலையில் ‘நடவடிக்கை: பொருளாளர்’ என்று மொட்டையாக வந்து நின்றால், எந்த முடிவுக்கு அவர் பொறுப்பு என்று புரட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு ‘நடவடிக்கை’ வரியைத் தொட வேண்டியதில்லை. அதற்கு மேலே உள்ள முடிவுப் பத்தியில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ வையுங்கள். கட்டு எப்போதும் மேலிருந்து கீழே. இந்த முடிவுப் பத்திக்கென்று ‘குறிப்பு முடிவு’ என்ற பெயரில் தனி ஸ்டைல் ஒன்று உருவாக்கிக்கொண்டால் அடுத்த கூட்டத்துக்கும் உதவும்.

கையொப்பப் பகுதி: கடைசிப் பக்கத்தில் வேறொன்றும் இல்லாமல் ‘தயாரித்தவர்’, ‘உறுதிப்படுத்தியவர்’ இரண்டும் மட்டும் நிற்பது அறிக்கையிலேயே மோசமான உடைவு. எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரியாது. யாரும் முன் பக்கங்களை மாற்றிவிடலாம். கோடில்லாத இரண்டு கட்ட அட்டவணை ஒன்று போட்டு, இடப்பக்கம் செயலாளர், வலப்பக்கம் தலைவர் என்று ஒரே வரிசையில் வையுங்கள். அந்த வரிசை உடையக்கூடாது என்று அமைத்து, அட்டவணைக்கு மேலே உள்ள கடைசிப் பத்தியில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுங்கள். குறைந்தது அந்தப் பத்தியின் கடைசி வரிகளாவது கையொப்பத்தோடு சேர்ந்து வரும். கையெழுத்துக்கான இடத்தை என்டரால் நிரப்பாதீர்கள். புள்ளிக்கோடு உள்ள பத்திக்கு முன்னால் 48 புள்ளி இடைவெளி கொடுத்தால் போதும்.

குறளும் வாழ்த்துப்பாவும்: குறள் இரண்டே அடி. இரண்டுக்கும் நடுவில் என்டருக்குப் பதில் ஷிஃப்ட் + என்டர் தட்டினால் இரண்டும் ஒரே பத்தி. 2 வரிப் பத்தி உடையாது என்று மேலே கணக்குப் போட்டோமே, ஆகவே வேறொன்றும் செய்ய வேண்டாம். நான்கு அடிப் பாட்டு என்றால் நடுவில் உடைய வாய்ப்புண்டு. அதற்கு மட்டும் உடையாதே என்ற விதி போடுங்கள்.

படம்: படத்தைத் தனிப் பத்தியில் எழுத்துபோல (ரைட்டரில் ‘ஆஸ் கேரக்டர்’, வேர்டில் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’) வைத்து, அந்தப் பத்தியைக் கீழே வரும் விளக்க வரியோடு கட்டுங்கள். அட்டவணைக்கு விளக்கம் மேலே இருப்பதால், விளக்க வரியை அட்டவணையோடு கட்ட வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு

அட்டவணைக்குப் பத்தி விதிகள் தனியாகவும் வரிசை விதிகள் தனியாகவும் உண்டு. கணக்குக்குத் தேவை மூன்று: ஒரு வரிசை நடுவில் உடையக்கூடாது, ‘விவரம் / வெள்ளி / சென்’ என்ற தலைவரிசை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வர வேண்டும், ‘மொத்தம்’ மட்டும் தனியாக அடுத்த பக்கம் போகக்கூடாது.

ரைட்டரில் அட்டவணைக்குள் கர்சரை வைத்து ‘டேபிள்’, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’. அட்டவணை உடையலாம் என்பதை விட்டுவிட்டு, வரிசை உடையலாம் என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். ‘ரிப்பீட் ஹெடிங்’கைத் தேர்வு செய்யுங்கள். வேர்டில் ‘டேபிள் பிராப்பர்ட்டீஸ்’, ‘ரோ’ தாவலில் இரண்டும் உள்ளன. தலைவரிசை திரும்ப வரவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். அட்டவணையின் ‘டெக்ஸ்ட் ராப்பிங்’ ‘அரவுண்ட்’ என்றிருந்தால் ‘நன்’ ஆக்குங்கள். அட்டவணைக்குள் கையால் பக்கம் உடைத்திருந்தால் அழியுங்கள்.

‘மொத்தம்’ வரிசைக்கு வேர்டில் ஒரு வழி உண்டு. அதற்கு மேலே உள்ள இரண்டு, மூன்று வரிசைகளைத் தேர்ந்தெடுத்து ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுத்தால் அவை மொத்தத்தோடு சேர்ந்தே நகரும். சின்ன அட்டவணை முழுதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் கடைசி வரிசை தவிர மற்றெல்லாவற்றுக்கும் இதைக் கொடுங்கள். கடைசி வரிசைக்கும் கொடுத்தால் அட்டவணை அடுத்த பத்தியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பக்க அடியில் அரைப்பக்கம் காலியாக இருந்தால்

யாரோ முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து ‘கீப்’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் அழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பத்தியும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டால் சங்கிலி நீண்டுகொண்டே போகும். சங்கிலி ஒரு பக்கத்தையே தாண்டிவிட்டால் மென்பொருள் அதைக் காப்பாற்ற முடியாமல் எங்கோ உடைக்கும். வேர்டில் மறைகுறிகளைக் காட்டினால், இப்படிக் கட்டிய பத்திகளின் இடப்புறம் சிறிய கறுப்புச் சதுரம் தெரியும். பக்கம் முழுதும் சதுரமாக இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. உடல் பத்திகளைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் + கியூ அழுத்தினால் பத்தி அமைப்பு ஸ்டைலில் சொன்னபடி திரும்பிவிடும். ரைட்டரில் கண்ட்ரோல் + எம். ஆனால் அது தேர்ந்தெடுத்த இடத்தில் தடித்த எழுத்தையும் சாய்வையும் சேர்த்தே எடுத்துவிடும், கவனம்.

அடியில் ஒரு வரி, இரண்டு வரி இடம் விழுவது வேறு. அது ஆர்ஃபன், விடோ விதிக்கு நாம் கொடுக்கும் விலை. அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

வீட்டில் சரி, கடையில் தவறு

பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ போட்டோஸ்டேட் கடையில் கோப்பைத் திறந்ததும் பக்கமெல்லாம் மாறிப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்.

முதலாவது தாள் அளவு. நாம் அச்சடிப்பது ஏ4, 210 × 297 மி.மீ. கோப்பு அமெரிக்க ‘லெட்டர்’ அளவில் இருந்தால் 216 × 279 மி.மீ. மேலும் கீழும் 25.4 மி.மீ. ஓரம் விட்டு, வரி இடைவெளி சரியாக 18 புள்ளி என்று வைத்தால் ஏ4-இல் 38 வரி கொள்ளும், லெட்டரில் 36 வரிதான். பக்கத்துக்கு இரண்டு வரி வித்தியாசம். பத்தாம் பக்கத்தில் அது 20 வரி, பாதிப் பக்கத்துக்கும் மேல். எழுதத் தொடங்கும் முன்பே அளவைப் பாருங்கள்.

இரண்டாவது எழுத்துரு. உங்கள் கணினியில் லதா இருக்கலாம். விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயாவும் கூடுதலாக நிறுவ வேண்டிய தொகுப்பில்தான் வருகின்றன, உடன் வருவது நிர்மலா. மெக்கில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கும், அது விண்டோஸில் இல்லை. எழுத்துரு இல்லாத இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். அதன் அகலமும் உயரமும் வேறு, ஆகவே வரிகள் வேறு, பக்கங்களும் வேறு. கோப்பிலேயே எழுத்துருவைப் பதித்துக் கொடுக்கலாம். வேர்டில் ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பகுதி. ரைட்டரில் ‘ஃபைல்’, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘ஃபான்ட்’ தாவல். ஆனாலும் கடைக்குப் பிடிஎஃப் கொடுப்பதே மேல்.

வரி உயரத்தை ‘எக்ஸாக்ட்லி’ என்று நிலைப்படுத்துவதில் ஒரு எச்சரிக்கை. 12 புள்ளி எழுத்துக்கு 14 புள்ளி என்று இறுக்கினால் கீ, தீ போன்ற எழுத்துகளின் மேல்வளைவு வெட்டுப்படக்கூடும். 18 வைத்தால் மூச்சு விட இடமிருக்கும். படம் உள்ள பத்தியில் மட்டும் ‘சிங்கிள்’ என்று வையுங்கள். இல்லையென்றால் படம் ஒரு வரி உயரத்துக்குக் கீற்றாகத் தெரியும், மற்றது மறைந்துபோகும்.

எல்லா விதியும் போட்ட பிறகும் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி தங்கினால், அது விதியால் தீராது. முன்னால் எங்காவது ஒன்றிரண்டு சொல் மட்டும் கடைசி வரியாகத் தொங்கும் பத்தி இருக்கும். அதில் ஒரு சொல்லைக் குறைத்தால் ஒரு வரி மிச்சம். இரண்டு பத்தியில் செய்தால் கடைசிப் பக்கமே காணாமல் போகும். ஏ4 தாளை மடித்து ஏ5 கையேடாக அடிப்பவர்களுக்கு இது காசு விஷயம். பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும் என்பதால், 24 பக்கத்தைத் தாண்டி இரண்டு வரி போனால் 28 பக்கமாகிவிடும்.

பிடிஎஃப் எடுத்ததும் முழுதாகப் படிக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இரண்டு வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு வரியையும் மட்டும் பாருங்கள். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வரிசையாக வாருங்கள், ஓரிடத்தில் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ளவைதான் மாறும். கடையில் அச்சடிக்கும்போது ‘ஃபிட்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லுங்கள்.